ஓரம், ஐஸ் வருது

எழுதத் தெரிந்தவர்கள் மன்னிக்க வேண்டும். நான் வண்டி ஓட்டிப் பிழைத்தவன். பத்தாவது வரை திருவொற்றியூரில் படித்தேன். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடத்தான். நாலு பேர் நடுவில் பேசவே கூச்சப்படுகிறவன், யார் யார் படிப்பார்கள் என்று தெரியாத இடத்தில் ஒருவரைப் பற்றி எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் அவரைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதாகத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடங்குவதுகூட அவரிடமிருந்து தொற்றிக்கொண்ட பழக்கமாக இருக்கலாம். அவர் எதையும் முன்கூட்டிச் சொல்லாமல் தொடங்கமாட்டார்.

காசிமேட்டில் அவருக்கு ஒரு ஐஸ் கம்பெனி இருந்தது. எல்லோரும் ஐஸ்காரம்மா என்பார்கள். அவரிடம் வண்டி ஓட்டிய நான் அம்மா என்று கூப்பிட்டேன். குள்ளமான உருவம். குரல் மட்டும் ஆறடி. கம்பெனிக்குள் நுழைவதற்கு வெகு முன்பே, தெரு முனையிலிருந்து, "வந்துகினு கீறேன்" என்று குரல் கொடுப்பார். உள்ளே சாக்கின் மேல் படுத்திருப்பவர்கள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொள்ள அது போதும்.

கணக்குப் பார்க்கிறவர் ஒருநாள் கேட்டார்: "இப்டி சொல்லிட்டு வந்தா, யாரு வேலை செய்றான், யாரு தூங்குறான்னு உங்களுக்கு எப்டிம்மா தெரியும்?"

"தூங்குறவன திடுக்குனு எயுப்பி நான் இன்னாத்த கண்டேன்? எயுந்து நிக்கட்டும். நின்னுட்டான்னா வேலை செஞ்சிடுவான்."

போன் செய்வதிலும் அப்படித்தான். முதலில் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். பிறகு சற்றுப் பொறுத்துத்தான் உண்மையான அழைப்பு. "போன் வரப்போதுன்னு அவனுக்குத் தெரியணும் இல்ல" என்பார். திட்டுவதற்கும் முன்னறிவிப்பு உண்டு. "நைனா, இப்ப உன்ன திட்டப்போறேன்" என்பார். நான் நேராக நின்றுகொள்வேன். திட்டுவார். ஈவு இரக்கமே இருக்காது. "முடிஞ்சுபோச்சு, டீ சொல்லு" என்று முடித்துக்கொள்வார். அவரிடம் திட்டு வாங்கி யாரும் மனம் நொந்ததாக நான் பார்த்ததில்லை. எதிர்பாராமல் வந்தால்தானே வலிக்கும்.

இப்படிப்பட்டவரிடம்தான் சத்தமே போடாத ஒரு வண்டி வந்து சேர்ந்தது.

அது ஹைப்ரிட் கார். பாதி பெட்ரோல், பாதி கரண்ட். இரண்டாயிரத்துக்குப் பிறகு முதல் பத்தாண்டுகள் முடியப்போகிற காலம். எங்கள் பக்கத்தில் அப்போது அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. துறைமுகத்தில் கப்பல் கம்பெனி வைத்திருந்த ஒருவர் தனக்கென்று வரவழைத்த வண்டி. ஊரைவிட்டுப் போகும்போது அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதுவரை அம்மா ஐஸ் ஏற்றுகிற டெம்போவில்தான் போவார், வருவார். குலுங்கிக் குலுங்கி இடுப்பு போய்விட்டிருந்தது. "சத்தமே வராதும்மா, போறதே தெரியாது" என்று அந்தக் கப்பல்காரர் பெருமையாகச் சொன்னார். குலுக்கல் இருக்காது என்று அம்மா எடுத்துக்கொண்டார்.

முதல் நாள் நான் பட்ட பாடு. சாவியைத் திருகுகிற வேலை இல்லை. ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. கிளம்பவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அழுத்தினேன். அணைந்துவிட்டது. இப்படியே அணைத்தும் ஏற்றியும் வியர்த்துப்போய்விட்டேன். 'ரெடி' என்று பச்சை எழுத்து வந்தால் வண்டி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமாம். "சொல்லுது பாரு, ஆனா வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்குது" என்றார் அம்மா.

ரிவர்ஸ் எடுக்கும்போது 'பீப் பீப்' என்று ஒரு சத்தம் வரும். அதுவும் வண்டிக்கு உள்ளே மட்டும்தான் கேட்கும். வெளியே நிற்கிறவனுக்குக் கேட்காது. அம்மாவால் இதைக் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

"உள்ள உக்காந்துகினு கீற நமக்குத் தெரியாதா பின்னாடி போறோம்னு? வெளிய நிக்கிறவனுக்கு இல்ல சொல்லணும்? இத்த செஞ்சவன் எந்த ஊர்க்காரன்?"

எண்ணூர் போகும் கடற்கரைச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். நடுவில் மாட்டிக்கொண்டால் எங்கள் வண்டியின் இன்ஜின் தானாக நின்றுவிடும். பெட்ரோலை மிச்சம் பிடிக்கிற ஏற்பாடு. பக்கத்து லாரி கிளீனர்களுக்கு அது தெரியுமா? "அண்ணே, ஆஃப் ஆயிடுச்சா? தள்ளணுமா?" என்று இறங்கி வந்துவிடுவார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒருமுறை நான் விளக்குவதற்குள் இரண்டு பேர் தள்ளவே தொடங்கிவிட்டார்கள். அம்மா இறங்கி அவர்களுக்கு நன்றி சொல்லி, வண்டியைச் சுற்றிக் காட்டி, திரையில் ஓடும் அம்புக்குறிகளையும் காட்டினார். எந்த நேரம் பெட்ரோல் வேலை செய்கிறது, எந்த நேரம் பேட்டரி வேலை செய்கிறது என்று அந்தத் திரை படம் போட்டுக் காட்டும். பிரேக் பிடித்தால் அம்பு திரும்பி பேட்டரிக்குள் பாயும். அம்மாவுக்கு வண்டியிலேயே பிடித்தது அதுதான். "நிக்கச் சொன்னாகூட எதனா சம்பாரிச்சுகினுதான் நிக்குது" என்பார்.

மீன் மார்க்கெட் சந்துதான் பெரிய பாடு. மெதுவாகப் போகும்போது வண்டி கரண்டில் ஓடும். கூடை தூக்கிக்கொண்டு போகிறவர்களின் முதுகுக்குப் பின்னால், ஒரு சத்தமும் இல்லாமல், பெரிய வெள்ளை வண்டி போய் நிற்கும். திரும்பிப் பார்த்தவர்கள் கூடையைப் போட்டுவிட்டு நெஞ்சில் கை வைப்பார்கள். ஹாரனை அடிக்கப்போனேன். அம்மா கையைத் தட்டிவிட்டார்.

"ஹாரன் அடிச்சா 'நவுரு'ன்னு அர்த்தம். வாயால சொன்னா 'நான் வரேன்'னு அர்த்தம். ரெண்டும் ஒண்ணா?"

அவர் முன் சீட்டில்தான் உட்காருவார். கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, ஐஸ் வண்டி தள்ளுகிறவர்கள் போடும் அதே சத்தத்தைப் போடுவார்: "ஓரம், ஓரம், ஐஸ் வருது." வண்டியில் ஐஸ் இருக்காது. எங்கள் இரண்டு பேரைத் தவிர ஒன்றும் இருக்காது. ஆனால் அந்தச் சத்தம் கேட்டால் காசிமேட்டில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒதுங்குவார்கள். காலே ஒதுங்கிவிடும்.

என்னையும் கத்தச் சொல்வார். நானும் சொல்வேன். என் குரல் ஸ்டியரிங்கைத் தாண்டாது.

"இன்னா நைனா, ரேஷன் கடையில பேரு சொல்ற மாரி சொல்ற? உன் வூட்ல இட்லி கேட்டாவது சத்தமா கேப்பியா?"

சந்தில் இருக்கிற பெண்களெல்லாம் சிரிப்பார்கள். என் காது சூடாகிவிடும்.

"வித்துடுங்கம்மா, வேற வண்டி வாங்கிக்கலாம்" என்று ஒருநாள் சொன்னேன்.

"வாய் பேசாத புள்ளைய யாராவது வித்துடுவாங்களா? நாமதான் அதுக்குப் பேசணும்."

அந்த வண்டிக்குள் பேசுகிற ஒருத்தியும் இருந்தாள். வழி சொல்லுகிற பெண். திரையில் சென்னையின் தெருக்கள் வரும். இங்கிலீஷில், இங்கே திரும்பு, அங்கே திரும்பு என்று ஒரு பெண் குரல் சொல்லும். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொல்லுவேன். வடசென்னையில் எங்கள் இருவருக்கும் யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை. அதனால் அவள் சொல்லுகிற பக்கம் நாங்கள் பெரும்பாலும் திரும்பமாட்டோம். உடனே அவள் 'ரீகால்குலேட்டிங்' என்பாள்.

"இன்னா சொல்லுது?"

"மறுபடியும் கணக்கு போடுதாம்மா."

"பாவம். மொதல்லேந்து போடுது பாரு. திரும்பப்போறதில்லன்னு நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல?" என்று என்னைக் கடிந்துகொண்டு, திரையைப் பார்த்துச் சொல்வார்: "நேரா போறோம்மா. கோச்சுக்காத."

அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் வழி மாறுவார். என்னையும் சொல்லச் சொன்னார். மெஷினோடு பேச எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் ஒருநாளும் பேசியதில்லை.

இந்தப் பழக்கமெல்லாம் அம்மாவுக்கு எங்கிருந்து வந்தது என்று அவரே ஒருநாள் சொன்னார். நான் கேட்கவில்லை. கன்டெய்னர் வரிசையில் வண்டி சத்தமில்லாமல் நின்றிருந்தபோது, அவராகச் சொன்னார்.

"எங்க குப்பத்துல நல்ல சேதி கொண்டாரவன் தெரு முனையிலியே கத்திடுவான். கடலுக்குப் போன போட்டு வந்துச்சு, மீன் பாடு நல்லா கீது, புள்ள பொறந்துச்சு, எதுவா இருந்தாலும் கத்திகினுதான் வருவான். கெட்ட சேதின்னா யாரும் கத்த மாட்டாங்க. நாலு பேரு பேசாம வந்து வாசல்ல நிப்பாங்க. செருப்பக்கூட கழட்டிட்டு வருவாங்க. என் வூட்டுக்காரரு போனப்ப நான் பின்னாடி அரிசி களைஞ்சுகினு இருந்தேன். திரும்புனா, நிக்கிறாங்க. எப்ப வந்தாங்கன்னே தெரியல. எம்மாம் நேரமா நின்னுகினு இருந்தாங்களோ. அதான் நைனா எனக்கு ஆறல. ஆளு போனதுகூட ஆறிப்போச்சு."

பிறகு, "லாரி நவுருது, எடு" என்றார்.

அந்தக் குப்பம் இப்போது இல்லை. எண்ணூர் சாலையில் வடக்கே போகும்போது வலது கைப்பக்கம் இருந்தது. கடல் ஏறி ஏறி வந்து, வீடுகளைத் தின்று, சாலை ஓரம்வரை வந்துவிட்டது. இப்போது அங்கே கருங்கல் பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் வண்டியில் இருந்த வரைபடம் பழசு. திரையில் சாலைக்கும் நீலத்துக்கும் நடுவே இன்னும் கொஞ்சம் தரை இருந்தது. அதில் மெல்லிய கோடுகளாக மூன்று சந்துகள்.

அம்மா அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். திரைக்கு வெகு அருகே முகத்தைக் கொண்டுபோய், நடுச் சந்தின் மேல் விரலை வைத்தார்.

"இதான்."

நிமிர்ந்து ஜன்னல் பக்கம் பார்த்தார். பாறைகளின் மேல் அலை அடித்துக்கொண்டிருந்தது. மறுபடி திரையைப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணுக்கு இன்னும் யாரும் சேதி சொல்லல போல."

அந்த மெஷினில் வீடு என்று ஒரு இடத்தைக் குறித்து வைக்கலாம். ராயபுரம் வீட்டைக் குறிக்கட்டுமா என்று முன்பே கேட்டிருந்தேன். "என் வூட்டுக்கு வழி எனக்குத் தெரியாதா" என்று வேண்டாம் என்றிருந்தார். இப்போது அந்தச் சந்தைக் குறிக்கச் சொன்னார். குறித்தேன். அதற்குப் பிறகு எண்ணூர்ப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம், வீடு என்ற பொத்தானை அம்மாவே அழுத்துவார். பாறைகளுக்குப் பக்கத்தில் வந்ததும், வந்துசேர்ந்துவிட்டீர்கள் என்று அந்தப் பெண் சொல்லுவாள்.

"தெரியும்மா. போயிட்டு வரோம்" என்பார் அம்மா.

இதையெல்லாம் சொல்லாமல் செல்வி விஷயத்தைச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் இவ்வளவு இழுத்தேன்.

செல்வி நெட்டுக்குப்பத்துப் பெண். காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவள். எங்களிடம்தான் ஐஸ் வாங்குவாள். அம்மா மார்க்கெட்டில் கத்துவதைக் கேட்டு மற்றவர்கள் ஒதுங்குவார்கள், அவள் மட்டும் பதிலுக்குக் கத்துவாள்: "வரட்டும், வரட்டும், உருகறதுக்குள்ள வரட்டும்." வயிற்றில் பிள்ளை. மாதம் நெருங்கியிருந்தது. முதல் பிள்ளை தங்கவில்லை. அந்தச் சமயத்தில் அவள் புருஷனும் இன்னும் மூன்று பேரும் போன பைபர் படகு திரும்பவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர்கள் வீட்டில் இருந்த ஒரே போனும் அவனோடு கடலுக்குள் போயிருந்தது.

அம்மா ஆந்திராப் பக்கத்து ஐஸ் கம்பெனிக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டார். தமிழிலும் தெலுங்கிலும் கத்தினார். காலையில் தொடங்கினால் விளக்கு வைக்கும்வரை கத்துவார். நாளுக்கு நாள் தொண்டை கட்டிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு நாள் காலையில் வாயைத் திறந்தால் காற்று மட்டும்தான் வந்தது.

அன்றைக்குத்தான் நெல்லூர் ஐஸ் கம்பெனிக்காரர் ஒருவரிடமிருந்து போனில் சேதி வந்தது. படகு இன்ஜின் பழுதாகி, வடக்கே அடித்துக்கொண்டு போய், நெல்லூர்ப் பக்கம் ஒரு மீனவ ஊரில் கரை ஏறியிருந்தார்கள். நாலு பேரும் உயிரோடு. அம்மாவால் பேச முடியாததால் போனை நான்தான் வாங்கிப் பேசினேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து, சைகையில் கேட்டார்: அவன் குரலைக் கேட்கணும். அவனைக் கூப்பிடச் சொன்னேன். நேரம் ஆனது. பிறகு செல்வியின் புருஷன் லைனில் வந்து, "யக்கா" என்றான். அம்மா போனைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து ஓடியதைத் துடைக்கவில்லை.

நெட்டுக்குப்பத்தில் செல்வி தெருவில் கடை வைத்திருந்தவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அப்போது மார்க்கெட்டிலிருந்து ஒரு பெண் வந்து சொன்னாள்: காலையிலிருந்து குப்பத்தில் ஒரு பேச்சு ஓடுகிறதாம், பழவேற்காட்டுப் பக்கம் ஏதோ உடல் ஒதுங்கியது என்று. செல்வி தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலில் உட்கார்ந்திருக்கிறாளாம்.

"யாரையாவது பைக்ல அனுப்பலாமாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா தலையை ஆட்டினார். வேண்டாம் என்று கையையும் அசைத்துவிட்டு, என் காதருகே வந்து, காற்றாகவே சொன்னார்: "நான் போனாதான் நம்புவா." கொஞ்ச தூரம் நடந்து நின்று, மறுபடி என்னிடம் திரும்பினார். "நம்ம வண்டிய பாத்தாள்னா..."

முடிக்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. சத்தமில்லாத வண்டி. கத்த முடியாத அம்மா. அழுத முகம். இது வாசலில் போய் நின்றால் செல்வி என்ன நினைப்பாள்? நாங்கள் வாயைத் திறப்பதற்குள் அவள் உயிர் பாதி போய்விடும். வயிற்றில் பிள்ளை வேறு. டெம்போ ஐஸ் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. இருப்பது இந்த வண்டிதான்.

அம்மா என் நெஞ்சில் விரலால் குத்தினார். அப்புறம் தெரு முனை என்பதுபோலக் கையை வீசிக் காட்டினார். நீதான் கத்தணும் என்று அர்த்தம். நான் சரி என்று தலையாட்டினேன்.

கடற்கரைச் சாலையில் லாரிகள் நகரவில்லை. முதல் முறையாக, திரையில் இருக்கிற அந்தப் பெண் சொல்லுகிற வழியில் போகலாம் என்று திரும்பினேன். திருவொற்றியூருக்கு உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். நன்றாகத்தான் போனது. காலடிப்பேட்டைக்குள் ஒரு தெருவில் நேராகப் போகச் சொன்னாள். தெருவை அடைத்துக் கல்யாணப் பந்தல் போட்டிருந்தார்கள். நடுத்தெருவில் அடுப்பு மூட்டி, பெரிய சட்டியில் வடை வெந்துகொண்டிருந்தது. நான் பிறந்து வளர்ந்த பேட்டை. என்னையே அங்கே கொண்டுவந்து மாட்டிவிட்டாள்.

ரிவர்ஸ் எடுத்தேன். 'பீப் பீப்' என்று எங்களுக்கு மட்டும் கேட்டது. கண்ணாடியில் பார்த்தால், வண்டிக்குப் பின்னால் ஜல்லிக் கரண்டியோடு ஒரு சமையல்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையை வெளியே நீட்டி, "அண்ணே" என்றேன். கேட்கவில்லை. "அண்ணே, கொஞ்சம்" என்றேன். அம்மா பொறுக்க முடியாமல் வெளியே கையை விட்டு, கதவை உள்ளங்கையால் படார் படார் என்று அடித்தார். சமையல்காரர் துள்ளித் திரும்பினார்.

"யோவ், பேயாட்டம் வந்து நிக்கிற? வாய் இல்லியா உனக்கு?"

அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அதில் கோபம் இல்லை. பயம் இருந்தது. அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வேறு தெருவில் திருப்பினேன். 'ரீகால்குலேட்டிங்' என்றாள். அம்மா திரையைக் காட்டி, பிறகு தன் தொண்டையைத் தொட்டு, பிறகு என்னைக் காட்டினார்.

"பந்தல் போட்டுக்கீறாங்கம்மா. இப்டிக்கா போறோம்" என்று அவளிடம் சொன்னேன். மெஷினோடு நான் பேசிய முதல் பேச்சு. கூச்சமாக இல்லை. கூச்சப்பட நேரம் இல்லை.

எர்ணாவூர் தாண்டி, எண்ணூர் தாண்டி, நெட்டுக்குப்பத்துக்குள் நுழைந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மணல் தெரு. மெதுவாகத்தான் போக முடியும். இன்ஜின் அணைந்து வண்டி கரண்டுக்கு மாறியது. டயருக்கு அடியில் மணல் நெரிவதுகூடக் கேட்கவில்லை. தெரு முனையிலேயே கத்த வேண்டும். கண்ணாடியை இறக்கினேன். வாயைத் திறந்தேன். என்ன வார்த்தை சொல்லுவது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை.

வண்டி போய்க்கொண்டே இருந்தது. செல்வி வீட்டு வாசலில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி, வயிற்றின் மேல் கைகளை வைத்துக்கொண்டு செல்வி. ஓரத்தில் இருந்த ஒருத்தி எங்களைப் பார்த்துவிட்டாள். வண்டியைப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். முந்தானையை எடுத்து வாயில் வைத்தாள். அடுத்தவள் திரும்பினாள். செல்வி திரும்பத் தொடங்கினாள்.

அம்மா என் தோளில் ஓங்கி அடித்தார்.

என் வாயிலிருந்து சத்தம் வந்தது. என் குரல் என்றே எனக்குத் தெரியவில்லை. குப்பம் முழுக்கக் கேட்டிருக்கும்.

"ஓரம்! ஓரம்! ஐஸ் வருது!"

பெண்கள் ஒதுங்கினார்கள். உட்கார்ந்தபடியே, யோசிக்காமல், காலை இழுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். பாதிப் பேர் காசிமேட்டில் மீன் எடுக்கிறவர்கள். முந்தானையை வாயில் வைத்தவள்கூட ஒதுங்கிவிட்டுத்தான் விழித்தாள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தத் தெரியவில்லை. "ஐஸ் வருது, ஐஸ் வருது" என்று வாசல்வரை கத்திக்கொண்டே போய் வண்டியை நிறுத்தினேன்.

செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"இன்னாண்ணே ஐஸு?" என்றாள். அவள் கோபமாகத்தான் கேட்டாள். பிறகு அவள் முகம் மாறியது. சாவுச் சேதி கொண்டுவருகிறவன் ஐஸ் வருது என்று கத்திக்கொண்டு வரமாட்டான். என் முகத்தையும் அம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "யக்கா? கீறாரா?"

அம்மா தலையை ஆட்டினார். ஆமாம் ஆமாம் என்று ஆட்டிக்கொண்டே இருந்தார். நான்தான் சொன்னேன்.

"கீறாங்க. நாலு பேரும் கீறாங்க. நெல்லூராண்ட கரை ஏறிட்டாங்க. உன் வூட்டுக்காரு பேசுனாரு, அம்மா காதால கேட்டாங்க."

அதற்குப் பிறகு தெருவில் எழுந்த சத்தத்தை நான் எழுத முடியாது. செல்வி மறுபடி உட்கார்ந்துவிட்டாள். அழுதாள், பிறகு சிரித்தாள். ஒருத்தி அவள் வாயில் தண்ணீரை வைத்தாள். பாதி குடித்து, பாதி சிந்தியது. அம்மா இறங்கிப் போய் அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டார். என் போனில் நெல்லூர்க்காரருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டு, பிறகு கூப்பிட்டு, போனைச் செல்வியிடம் கொடுத்தேன். நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். குப்பத்துப் பெரியவர் ஒருவர் வந்து வண்டியை எட்டிப் பார்த்தார்.

"ஐஸு எங்கப்பா?" என்றார்.

"உருகிப்போச்சு" என்றேன். நான் யாரிடமும் அப்படியெல்லாம் பேசுகிறவன் இல்லை.

திரும்பும்போது கடற்கரைச் சாலை காலியாக இருந்தது. அம்மா வீட்டுப் பொத்தானை அழுத்தினார். அவரால் பேச முடியாது. எனக்கும் தொண்டை எரிந்துகொண்டிருந்தது. பாறைகளுக்குப் பக்கத்தில் வந்ததும், வந்துசேர்ந்துவிட்டீர்கள் என்றாள் அந்தப் பெண். அம்மா என் பக்கம் திரும்பி, சொல்லு என்பதுபோலத் தாடையை அசைத்தார். நான் வண்டியை மெதுவாக்கினேன்.

"தெரியும்மா. போயிட்டு வரோம்" என்றேன்.

மறுநாள் எனக்குக் குரல் வரவில்லை. அம்மாவுக்குக் கொஞ்சம் திரும்பியிருந்தது. மீன் மார்க்கெட் சந்தில் கண்ணாடியை இறக்கி, கட்டைக் குரலில் அவரே கத்திக்கொண்டு வந்தார்.